கரண்டுக் கம்பிக்குக் கீழே டீசல் வண்டி

வா மாப்ளே, உக்காரு. நாற்காலியைத் தொடைச்சுட்டு உக்காரு, உன் சட்டை வெள்ளை. கோப்பி ஓ சொல்லியாச்சு. கொஞ்சம் சத்தமாப் பேசு. பாயான் லெப்பாஸ்ல எவனும் ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிச்சதில்ல. பாதியில ஒரு பிளேன் வந்து மேல ஏறிக்கும்.

என்னது அது, படமா? காட்டு. அடேயப்பா, சரக்கு இழுக்குற கரண்டு எஞ்சினா! நீயே வரைஞ்சதா? மூக்கு சுறாமீன் மாதிரி இருக்கு. இது சரக்கு இழுக்கப் போகுதா, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகுதா?

கோவிச்சுக்காதே. உன்கிட்ட விளையாடாம வேற யார்கிட்ட விளையாடுறது? அக்கா மகனைக் கிண்டல் பண்றதுக்குத்தானே தாய்மாமன்னு ஒருத்தனைப் படைச்சிருக்கான். ஆனா ஒண்ணு, கொடிமலை ஏறுற இழுவை வண்டியை விட்டா இந்தப் பினாங்குத் தீவுல ரயில் தண்டவாளம்னு ஒரு முழம் கிடையாது. 1906ல ஜார்ஜ் டவுன்ல கரண்டு டிராம் ஓட்டினாங்க, 1936ல அதையும் மூட்டை கட்டிட்டாங்க. வெல்ட் கீ பக்கம் கடிகாரக் கோபுரம் வச்ச கட்டடம் பாத்திருப்ப, இப்ப சுங்க இலாகா இருக்கே, அது வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே கட்டடம். டிக்கெட் உண்டு, கடிகாரம் உண்டு, ரயில் மட்டும் கிடையாது. டிக்கெட்டை வாங்கிக்கிட்டுப் படகுல ஏறி, கடலைத் தாண்டிப் பிறையில போய்த்தான் ரயிலைப் பாக்கணும். ரயில் இல்லாம ஸ்டேஷன் கட்டின ஊருக்கு, ஸ்டேஷன் இல்லாத எஞ்சின் வரையிற நீ சரியான பிள்ளைதான்.

சரி, விவரம் சொல்லு. 9000 குதிரை. ஆறு அச்சு. எடை 78 டன். எடையை ரொம்பக் குறைச்சுட்டேன்னு சொல்லும்போது உன் முகத்துல ஒரு வெளிச்சம் வருது பாரு, பள்ளிக்கூடப் பரீட்சையில ஏழு ஏ வாங்கினப்போ வந்த அதே வெளிச்சம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. ஆனாலும் கெடுக்குறேன்.

மாமனுக்கு என்ன தெரியும்னு நினைக்காதே. எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாதுதான். பிறை யார்டுல கொக்கி மாட்டி, கொக்கி கழட்டியே முடி நரைச்சவன். இன்வெர்ட்டர்னு நீ சொன்னா, நம்ம பிளாட்டுல கரண்டு போனா எரியுமே அதுவான்னு கேக்குறவன். ஆனா மாடு வழுக்கி விழுந்து பாத்திருக்கேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில்வீட்டுல இருந்து செட்டியார் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குக் கிளம்புமே, சின்ன வயசுல உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய்க் காட்டினேன். நீ ரதத்தைப் பாத்த, நான் மாட்டைப் பாத்தேன். ரதத்துக்கு முன்னால சனம் ஆயிரக்கணக்குல தேங்காய் உடைக்குது. ரோடு பூரா தேங்காய்த் தண்ணி ஓடும். அதுல கால் வைக்குற மாட்டுக்கு உடம்புல தெம்பு குறைஞ்சிடுச்சா? இல்ல. லாடத்துக்கும் தாருக்கும் நடுவுல பிடி போயிடுச்சு. நாலு மாட்டு பலம் இருந்தும் குளம்பு வழுக்கினா ரதம் நின்ன இடத்துலதான் நிக்கும்.

எஞ்சினும் அதேதான். இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம். ரெண்டும் தொடுற இடம் உன் அஞ்சு காசு நாணயத்தை விடச் சின்னது. ஆறு அச்சுக்குப் பன்னிரண்டு சக்கரம், பன்னிரண்டு நாணயம். அவ்வளவுதான் எஞ்சின் பூமியைப் பிடிச்சிருக்குற கைப்பிடி. அந்த இடத்துல பிடி எப்படி வரும்? மேல இருக்குற எடை அமுக்குறதுல வரும். காய்ஞ்ச தண்டவாளமா இருந்தா எடையில மூணுல ஒரு பங்கு அளவுக்கு இழுக்கலாம். நம்ம ஊர் மழையில அதுவும் இறங்கிடும். அதனாலதான் இன்னைக்கு வர்ற புது எஞ்சின்லயும் சக்கரத்துக்கு முன்னால மணல் பெட்டி இருக்கு. கம்ப்யூட்டர் எத்தனை வச்சாலும் கடைசியில ஒரு கைப்பிடி காய்ஞ்ச மணலைத்தான் ஊதுறான்.

இப்ப உன் கணக்குக்கு வா. 78 டன். நூத்துக்கு 35ன்னு தாராளமாவே வச்சுக்குவோம், மழை வேண்டாம். 27 டன் இழுவை. சரக்கு வண்டி 2000 டன், நூத்துக்கு ஒண்ணு ஏத்தம். அந்த ஏத்தத்துக்கு டன்னுக்கு 10 கிலோ, நின்ன வண்டியை நகத்துறதுக்கு டன்னுக்கு ஒரு 4 கிலோ, மொத்தம் 28 டன் வேணும். உன்கிட்ட 27. அங்கேயே சக்கரம் சுத்தும், தண்டவாளம் தேயும், வண்டி நகராது. அப்போ 9000 குதிரை எங்க? 27 டன் இழுவையோட அத்தனை குதிரையும் சேந்து வேலை செய்யணும்னா வண்டி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்துல ஓடணும். அதுவரைக்கும் மிச்சக் குதிரை லாயத்துல நின்னு உன் செலவுல புல்லு தின்னும்.

போனைத் தட்டுற. தட்டு, தட்டு. கணக்கு சரியா வரும்.

இந்தியாவுல என்ன பண்ணினான் தெரியுமா? 1990கள்ல ஏபிபி கம்பெனிகிட்ட இருந்து டபிள்யூ.ஏ.ஜி. 9னு ஒரு எஞ்சின் எடுத்தான், அப்புறம் சித்தரஞ்சன்ல தானே கட்டினான். டபிள்யூன்னா அகலப் பாதை, ஏ-ன்னா ஏசி கரண்டு, ஜின்னா கூட்ஸ். 123 டன், 6000 குதிரை, இழுவை 460 கிலோநியூட்டன். நல்ல எஞ்சின். ஆனா நிலக்கரி வண்டிக்குப் பத்தல. உன்னை மாதிரி ஆள் இருந்தா 9000 குதிரை வை, 12000 வைன்னு குதிச்சிருப்பான். அவன் மோட்டாருக்குப் பெருசா ஒண்ணும் பண்ணல. எஞ்சினுக்குள்ள எடை வச்சான். ஆமாண்டா, சும்மா எடை! மீன்காரன் தராசுல படிக்கல்லு வைக்குற மாதிரி. 123 டன்னா இருந்தது 132 ஆச்சு, இழுவை 520 ஆயிடுச்சு. குதிரை அதே 6000. உன் சிப்பு பேக்டரியில ஒரு கிராம் குறைச்சா மேனேஜர் தோள்ல தட்டுறான். அங்க ஒன்பது டன் கூட்டினவனுக்குக் கை கொடுத்திருப்பாங்க.

அதே எஞ்சினை வச்சு இன்னொரு வேலையும் பண்ணினான். பல்சக்கரத்தை மட்டும் மாத்தினான். சக்கரம் ஒரு சுத்து சுத்த மோட்டார் அஞ்சு சுத்து சுத்துச்சுன்னா அது கூட்ஸ். 3.6 சுத்து சுத்துச்சுன்னா அது பயணி வண்டி இழுக்குற டபிள்யூ.ஏ.பி. 7, மணிக்கு 140 ஓடும். ஒரே ஆள்தான். வீட்டுல இருந்தா கைலி, கல்யாணத்துக்குப் போனா பட்டு வேட்டி. நீ வரைஞ்சதுல பல்சக்கர விகிதம் எங்கயும் காணோம். மூக்குக்கு மட்டும் நாலு பக்கம் ஒதுக்கியிருக்க.

பிகார்ல மதேபுராவுல அல்ஸ்டாம் கட்டுறது 12000 குதிரை, டபிள்யூ.ஏ.ஜி. 12பி. 2015ல ஒப்பந்தம், 800 எஞ்சின். அதுல குதிரையைக் கூட்டும்போது எட்டு அச்சு வச்சான், ரெண்டு எஞ்சினை முதுகோட முதுகா ஒட்டின மாதிரி. அச்சுக்கு 22.5 டன், மொத்தம் 180 டன். குதிரை வாங்கினவன் லாயமும் கட்டினான். ரேவாடி மதார் பாதையில 2021 ஜனவரியில அடுக்கு மேல அடுக்கா கண்டெய்னர் வச்சு ஒன்றரை கிலோமீட்டர் நீள வண்டியை அதை வச்சுத்தான் இழுத்துக் காட்டினான். அடுக்கு உசரமா இருக்குறதால கம்பியை ஏழு மீட்டருக்கு மேல தூக்கிக் கட்டி, அதைத் தொடுற பேண்டோகிராஃபையும் கையை நீட்டுற மாதிரி பண்ண வேண்டியிருந்துச்சு. சரக்கோட உசரம் என்னன்னு கேட்டுட்டுத்தான் எஞ்சினோட கை நீளத்தை அளந்தான்.

உன் சிப்பைப் பத்தி நான் இளப்பமாப் பேசுறேன்னு நினைக்குற. இல்ல. அது இல்லாட்டி இந்தக் கதையே இல்ல. ஈரோட்டு ஷெட்டுல நம்ம சித்தப்பா மகன் வேலை பாத்தான். டபிள்யூ.ஏ.ஜி. 7 எஞ்சின், டிசி சீரியஸ் மோட்டார். அவன் சொல்லுவான், அண்ணே, அந்த மோட்டார் குடிகாரன் மாதிரி, சுமை இருந்தா அடக்கமா இருப்பான், கை நழுவினா ஓடுவான். சக்கரம் வழுக்கிச் சுமை குறைஞ்சதும் அந்த மோட்டார் இன்னும் வேகமாச் சுத்தும், வேகமாச் சுத்தினா இன்னும் வழுக்கும். கார்பன் பிரஷ்ல நெருப்புப் பறக்கும். கரண்டைக் கூட்டுறதுக்கு 32 படி, ஒவ்வொரு படிக்கும் இழுவை குதிச்சுக் குதிச்சு ஏறும். ஓட்டுறவன் பாதத்தாலயும் காதாலயும்தான் ஓட்டணும்.

மூணு பேஸ் மோட்டார் வந்தப்புறம் அந்தக் குணம் மாறிடுச்சு. அது காந்தப் புலத்தோட வேகத்தை ஒட்டியே ஓடும், வழுக்கினாலும் ரொம்ப தூரம் ஓடிப் போகாது. மேல வர்ற 25,000 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர்ல இறக்கி, நேர் மின்சாரமா மாத்தி, திரும்பவும் வேணுங்குற வேகத்துக்கு மூணு பேஸா வெட்டிக் குடுக்கணும். அந்த வெட்டுற வேலைதான் உன் சிப்பு ஜாதியோட வேலை. முதல்ல ஜி.டி.ஓ., அப்புறம் ஐ.ஜி.பி.டி., இப்ப சிலிக்கன் கார்பைட். நொடிக்கு நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல திறந்து மூடுது. சக்கரம் வழுக்க ஆரம்பிக்கிறது ஓட்டுறவனுக்குத் தெரியுறதுக்கு முன்னால அதுக்குத் தெரிஞ்சு, கொஞ்சம் தளர்த்தி, திரும்பப் பிடிக்குது. முன்னால மூணுல ஒரு பங்கு பிடிச்ச எஞ்சின் இப்ப நூத்துக்கு 40 வரைக்கும் பிடிக்குதுன்னா அது உங்க வேலை. நம்ம எதிர்க்கரையில கூலிம்ல இன்ஃபினியன்காரன் 2024 ஆகஸ்ட்ல பேக்டரி திறந்தானே, அது இந்த சிலிக்கன் கார்பைடுக்குத்தான். 1972ல முதலமைச்சர் லிம் சோங் இயூ இந்த வயல்காட்டுல பேக்டரி வலயம் திறந்தப்போ எங்க அப்பா, நெல்லு விளையிற பூமியில என்னத்த விளைய வைக்கப் போறான்னு சிரிச்சாரு. விளைஞ்சிருக்கு பாரு, உன் சம்பளம்.

அடப் பாவமே, பிளேன். இரு... போயிடுச்சு. இப்பப் போனதுல உங்க சிப்பும் இருந்திருக்கும். ரயிலை இழுக்கப் பிறந்த பிள்ளை, ரயிலைக் கண்ணால பாக்காமலே ஆகாயத்துல போகுது.

கோப்பி ஆறிடுச்சா? குடி. இனிமேதான் உன்னைக் கேக்க வேண்டிய கேள்வி.

உன் எஞ்சின் எங்க ஓடப்போகுது? நம்ம நாட்டுலன்னா, நம்ம பாதை ஒரு மீட்டர் அகலம். இந்தியாவோட பெரிய பாதை 1676 மில்லிமீட்டர். அந்த ஒரு மீட்டருக்குள்ள மோட்டாரும் பல்சக்கரமும் அச்சோட அச்சாத் தொங்கணும். பெரிய பாதைக்குச் செஞ்ச மோட்டாரை அப்படியே கொண்டாந்து மாட்ட முடியாது, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி கை வெளிய தொங்கும். நீ வரைஞ்ச மோட்டாரை அளந்து பாரு, சக்கரத்தைத் தாண்டி வெளிய நிக்குது. மூணு பேஸ் மோட்டார்ல பிரஷ் இல்ல, கம்யூட்டேட்டர் இல்ல, அதனால நீளம் குறைச்சல், குறுகின பாதைக்கு அது வரப்பிரசாதம். அதையாவது உபயோகப்படுத்து.

குறுகின பாதையில கரண்டு எஞ்சின் சரக்கு இழுக்காதுன்னு எவனாவது சொன்னா, தாம்பரத்தைக் காட்டு. மெட்ராஸ் பீச்சுல இருந்து தாம்பரம் வரைக்கும் 1931லயே மீட்டர் பாதையில கரண்டு. 1500 வோல்ட் டிசி. அப்பவே ஒய்.சி.ஜி. 1னு ஒரு கூட்ஸ் எஞ்சின் வச்சிருந்தான். ஒய்னா மீட்டர் பாதை, சி-ன்னா டிசி, ஜி உனக்கே தெரியும். 1960கள்ல அதை 25,000 வோல்ட் ஏசிக்கு மாத்தி விழுப்புரம் வரைக்கும் நீட்டினப்போ, ஜப்பான் மிட்சுபிஷிகிட்ட இருந்து 20 எஞ்சின் வாங்கினான், ஒய்.ஏ.எம். 1. எம்முன்னா கலப்பு, பயணியும் இழுக்கும், சரக்கும் இழுக்கும். பாதை அகலமாகுற வரைக்கும் நாப்பது வருசத்துக்குப் பக்கமா உழைச்சுது. நம்ம தாத்தா கப்பலேற நாகப்பட்டினம் போனாரு, அவரு தம்பி தாம்பரத்துல அந்த எஞ்சினுக்கு எண்ணெய் போட்டாரு. யாரு புத்திசாலின்னு இன்னும் எங்க குடும்பத்துல தீர்ப்பாகல.

அது பத்தலன்னா தென்னாப்பிரிக்காவைப் பாரு. அங்கயும் அகலப் பாதை இல்ல, 1067 மில்லிமீட்டர், நம்மளை விட நாலு விரல் கூட. சிஷென்ல இருந்து சல்டானா துறைமுகத்துக்கு இரும்புத் தாது போகுது. 50,000 வோல்ட் கம்பி, ஒரே வண்டியில 342 வேகன். நம்ம பாதை குறுகினதுன்னு அழுகுறவன் அங்க போய் அழட்டும்.

நம்ம ஊரு சேதிக்கு வர்றேன். ஈப்போவுல இருந்து பாடாங் பெசார் வரைக்கும் 329 கிலோமீட்டர், ரெட்டைப் பாதை, மேல 25,000 வோல்ட் கம்பி, 2014ல முடிஞ்சுது. பெராப்பிட் மலையில மூணு கிலோமீட்டருக்கு மேல சுரங்கம் குடைஞ்சு அதுக்குள்ளயும் கம்பி இழுத்தாச்சு. அடுத்த வருசம் ஈ.டி.எஸ். பயணி ரயில் வந்துச்சு, மணிக்கு 140, ஏசி குளிரு, உங்க அம்மா சால்வை போத்திக்கிட்டுப் போறாங்க. ரொம்ப நல்லது. அதே கம்பிக்குக் கீழ சரக்கு வண்டி எதுல போகுது? டீசல்ல. தாய்லாந்து ரப்பரும் கண்டெய்னரும் பாடாங் பெசார் வழியா பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு வருது, மேல கரண்டு, கீழ புகை. வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சவன் கதை தெரியுமில்ல?

நீயும் ஒரு நாள் பிறை பாலத்துல நின்னு பாத்துட்டு, இவனுங்களுக்கு மூளை இல்லன்னு கத்தினயாம், உங்க அம்மா சொன்னா. நானும் அப்படித்தான் கத்தினேன். அப்புறம் யார்டுல ஒரு நாள் நிமிந்து பாத்தேன். கண்டெய்னரை எப்படி எடுக்குறான்? மேல இருந்து. கிரேன் வருது, கை இறங்குது, தூக்குது. அந்த இடத்துல 25,000 வோல்ட் கம்பி இருந்தா முதல் நாளே கிரேன்காரன் வீட்டுல பந்தல் போட வேண்டியதுதான். அதனால சரக்கு ஏத்தி இறக்குற இடத்துல கம்பி போட முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹாட் யாய் போற பாதையிலயும் கம்பி கிடையாது. நடுவுல கம்பி இருக்கு, ரெண்டு முனையிலயும் இல்ல. முழுக்கைச் சட்டை தச்சுட்டு, கைக்கு ஓட்டை வைக்க மறந்த தையக்காரன் கதை.

உன் எஞ்சின் ஜோரா வந்து துறைமுக வாசல்ல நிக்கும். அதுக்கு மேல போகாது. அங்க இன்னொரு டீசல் எஞ்சின் வந்து பிடிச்சு இழுக்கணும். அந்த ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு எஞ்சின், ஒரு ஓட்டுநர், கொக்கி கழட்ட ஒரு ஆள். நான் பாத்த வேலைதான் அது, அதனால எங்களுக்கு நஷ்டமில்ல. ஆனா கணக்கு எழுதுறவன், எதுக்குப்பா ரெண்டு, முதல்ல இருந்தே டீசல்லயே வான்னுடுவான். அவன்கிட்ட ஓடுற நிலையில டீசல் எஞ்சின் வேற இருக்கு.

ஐரோப்பாக்காரன் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சான். பாம்பார்டியர் கம்பெனி 2011 வாக்குல டிராக்ஸ் எஞ்சின்ல ஒண்ணு பண்ணினான்: கரண்டு எஞ்சினோட வயித்துக்குள்ள ஒரு சின்ன டீசல், லோரி எஞ்சின் அளவுக்கு. கம்பி இருக்குற வரைக்கும் கரண்டு, கம்பி முடிஞ்சா மெல்ல ஆமை மாதிரி டீசல்ல ஊர்ந்து யார்டுக்குள்ள போய் நிக்கும். வேகம் இல்ல, குதிரை இல்ல, ஆனா வேலை முடியுது. பாட்டரி வச்சும் பண்றான். இதுல ஒரு லாபம் இருக்கு மாப்ளே, நல்லாக் கேளு. அந்த டீசலும் பாட்டரியும் எடை. உனக்குத்தான் எடை வேணுமே! இரும்புக் கட்டியைச் சுமக்குறதுக்குப் பதிலா வேலை செய்யுற கட்டியைச் சுமக்கட்டும்.

எழுதிக்குற போல இருக்கு? எழுது, எழுது. நாங்க யார்டுல இதெல்லாம் எழுதி வச்சதே இல்ல, எழுதினா வேலை கூடும்.

இன்னொண்ணும் எழுதிக்க. கொடிமலை வண்டியைப் பாத்திருக்கல்ல, நூறு வருசத்துக்கு மேல ஓடுது. ஒண்ணு இறங்கும்போது அந்த எடையே கயிறு வழியா இன்னொண்ணைத் தூக்கி விடும். கரண்டு சரக்கு எஞ்சினும் இறக்கத்துல அப்படித்தான். மோட்டார் டைனமோவா மாறிக் கரண்டைக் கம்பிக்கே திருப்பிக் குடுக்கும், அடுத்து ஏறி வர்றவன் அதை எடுத்துக்குவான். 2000 டன் இறக்கத்துல வர்ற கரண்டை பிரேக் கட்டையில தேய்ச்சுச் சூடாக்கி வீணாக்குறவன், சம்பளத்தைச் சூதாட்டத்துல விட்டவனுக்குச் சமம். ஆனா ஒரு விஷயம், அந்த நேரத்துல வாங்கிக்க ஆளு இருக்கணும். மேல ஏறுற வண்டி இல்ல, மின்சார வாரியமும் வாங்க மாட்டேன்னா, குடுக்க வந்த எஞ்சின் கையை மடக்கிக்கிட்டுப் பழையபடி பிரேக்கைத்தான் தேய்க்கும். அதை மின்சார வாரியத்துக்காரன்கிட்ட முன்னாலயே கேட்டுக்க.

அப்புறம் தண்டவாளம் போட்டவன்கிட்ட, அச்சுக்கு எத்தனை டன் தாங்கும்னு கேளு. துறைமுகத்துக்காரன்கிட்ட, எந்த இடத்துல கிரேன் நிக்குதுன்னு கேளு. தாய்லாந்துக்காரன்கிட்ட எப்ப கம்பி போடுவன்னு கேளு, சிரிப்பான், சிரிக்கட்டும். எல்லாத்தையும் கேட்டு முடிச்சப்புறம் மூக்கை எப்படி வேணும்னாலும் வரைஞ்சுக்க, சுறாமீன் வேணாம், வஞ்சிரம் வச்சுக்க.

என்ன மாப்ளே, படத்தை மூடிட்ட? தா இங்க. அந்த 78ஐ மட்டும் அழி. பேனா இருக்கா? 120ன்னு போடு. அச்சுக்கு 20 டன் ஆகுது, தாங்குமான்னு கேக்கணும், பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வை. குதிரையை 9000ல இருந்து 5000ஆ இறக்கு. அழுவாதே, பாதி நேரம் லாயத்துல நிக்கிறதுதானே.

ஞாயித்துக்கிழமை காலையில ஃபெரியில வா, பட்டர்வொர்த்துல இறங்கு, நான் மோட்டார்சைக்கிள்ல வந்து கூட்டிட்டுப் போறேன். யார்டு வேலிக்கு வெளிய நின்னு சரக்கு வண்டி கிளம்புறதைப் பாப்போம். படத்தையும் கொண்டா. டீசல் புகை படும், வெள்ளைச் சட்டை வேணாம்.

தம்பி, கணக்கு! ரெண்டு கோப்பி ஓ, ஒரு ரொட்டி சானாய். நீ எடு மாப்ளே. எனக்குப் பென்ஷன், உனக்குத்தான் இன்வெர்ட்டர்.